இரண்டு மாமன்மாரும் ஓர் அமெரிக்காவும்

1

ஊரிலிருந்து இதை வாசிக்கிற உங்களுக்கு முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஹீத்ரோ விமான நிலையத்தில், நடக்க ஏலாத பயணிகளைச் சின்ன மின்சார வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் விமான வாசலில் இறக்கிவிடுவேன். பதினெட்டு வருடமாக இதேதான். ஹவுன்ஸ்லோவில் வீடு, ஒரு பஸ், அரை மணித்தியாலம். உலகத்தில் உள்ள எல்லா நாட்டு முழங்கால் வருத்தமும் எனக்குத் தெரியும் என்று பகிடியாகச் சொல்லிக்கொள்வேன்.

போன மாசி மாதம் ஒருநாள் காலை, அமெரிக்கா போகிற விமானத்துக்கு இரண்டு பேரை ஏற்றும்படி சொன்னார்கள். ஒருவர் எழுபது தாண்டிய மனிதர், தலையில் அமெரிக்கத் தேர்தல் கூட்டங்களில் போடுகிற சிவப்புத் தொப்பி. அதில் என்ன எழுதியிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை, தொலைக்காட்சியில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். மற்றவர் அதே வயதுடைய ஓர் அம்மா. கோட்டில் வானவில் நிறத்தில் ஒரு வில்லை, கைப்பையில் அந்தத் தொப்பிக்காரரின் தலைவரைத் திட்டி ஒரு வசனம். ஒருவரை ஒருவர் பார்த்தார்களோ இல்லையோ, இரண்டு முகமும் சுண்டிவிட்டது.

"இந்த ஆளோடு நான் ஒரே வண்டியில் வரமாட்டேன்" என்றார் அம்மா. "எனக்கும் அடுத்த வண்டி போதும்" என்றார் அவர்.

அடுத்த வண்டிக்கு நான் எங்கே போக? வாசல் பூட்ட இருபது நிமிடம் இருந்தது. எனக்குக் கோபம் வந்தால் என் ஆங்கிலம் நன்றாக வரும். "சேர், மேடம், நான் ஓட்டுவது வண்டி. உங்கள் நாட்டை இல்லை. ஏறுங்கள்" என்றேன். ஏறினார்கள். ஒருவர் முன்பக்கம் பார்த்து, மற்றவர் பின்பக்கம் பார்த்து, முதுகோடு முதுகு.

பாதி வழியில் தொப்பிக்காரர், இந்த லண்டனில் குளிர்பானத்துக்கு ஐஸ் போடவே தெரியாதா என்று என்னைக் கேட்டார். பின்னாலிருந்து அந்த அம்மா, "இரண்டே இரண்டு துண்டு! அதையும் கெஞ்சிக் கேட்க வேண்டும்!" என்றார். அதன்பிறகு வாசல் வரும்வரை இரண்டு பேரும் சேர்ந்து லண்டனை வறுத்தெடுத்தார்கள். ஐஸ், சின்னக் கட்டில், வெந்நீருக்கு ஒரு குழாய் பச்சைத்தண்ணீருக்கு ஒரு குழாய் என்று ஒன்றையும் விடவில்லை. இறங்கியதும் மறுபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள்.

சிரித்துக்கொண்டே வண்டியைத் திருப்பினேன். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. எனக்கும் இரண்டு பேர் இருக்கிறார்கள், முதுகோடு முதுகாக.

2

எனக்கு ஓர் அண்ணன், ஒரு தம்பி. இருவரும் அமெரிக்காவில்தான். அன்ரன் அண்ணை டெக்சாஸில் பெற்றோல் நிலையம் நடத்துகிறார். மேசைக்குக் கீழே துப்பாக்கி, வாசலில் பெரிய கொடி, ஞாயிறு தவறாமல் தேவாலயத்தில் பூசை. தம்பி றெஜி வடக்கே பனி கொட்டுகிற ஊர் ஒன்றில் கல்லூரியில் இரசாயனம் படிப்பிக்கிறான். எங்கே ஊர்வலம் என்றாலும் பதாகையோடு நிற்பான். யாழ்ப்பாணம் குருநகரில் ஒரே பாயில் படுத்து, ஒரே சைக்கிளில் பள்ளிக்கூடம் போனவர்கள். அமெரிக்கா அவர்களுக்கு வீடு கொடுத்தது, வேலை கொடுத்தது, கூடவே ஆளுக்கொரு கட்சியையும் கொடுத்துவிட்டது.

கைபேசியில் எங்களுக்கு ஒரு குடும்பக் குழு உண்டு. ரொறொன்ரோ, பாரிஸ், யாழ்ப்பாணம், லண்டன் என்று அறுபது பேருக்கு மேல். காலையில் பூப்படம், வெள்ளிக்கிழமை திருஇருதயப் படம், யாருக்காவது பிறந்தநாள் என்றால் கேக் படம். அதற்குள் அமெரிக்கா எப்போது புகுந்தது என்றே எங்களுக்குத் தெரியாது. அண்ணை எல்லையில் ஆட்கள் சுவர் ஏறுகிற காணொளியைப் போடுவார். அது பழைய காணொளி, வேறு நாட்டில் எடுத்தது என்று றெஜி ஆதாரத்தோடு எழுதுவான். தடுப்பூசி நஞ்சு என்று ஒருவர், போடாதவன் மடையன் என்று மற்றவர். நடுவில் ஊரிலிருந்து மாமி, "பிள்ளையள், நாளைக்கு எனக்கு ஊசி. நான் போடுறதோ விடுறதோ?" என்று கேட்டு எழுதினார். முட்டை விலை கூடினாலும் சண்டை, குறைந்தாலும் சண்டை. நாங்கள் லண்டனில் இருந்து படம் பார்க்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தோம். உண்மையைச் சொன்னால், எனக்கு அது பிடித்தும் இருந்தது.

ஒருநாள் அண்ணை எழுதினார்: "களவாய் வந்தவங்கள் எல்லாரையும் பிடிச்சு அனுப்பினால்தான் இந்த நாடு உருப்படும்."

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. றெஜி எழுதினான்: "நீங்கள் எந்த விசாவில போனனீங்கள் அண்ணை?"

இதை உங்களுக்கு விளக்க வேண்டும். அண்ணை அமெரிக்காவுக்கு ஏஜென்சிக்காரன் மூலம் போனவர், வேறொருவருடைய கடவுச்சீட்டில். இறங்கியதும் அந்தப் பெயரிலேயே தஞ்சம் கேள் என்று அவன் சொன்னான். கேட்டார். கிடைத்தது. பிறகு பிரஜாவுரிமையும் அந்தப் பெயரிலேயே கிடைத்துவிட்டது. அமெரிக்கக் கடதாசிகளில் அவர் இன்றைக்கும் அன்ரன் இல்லை. வேறு பெயர், வேறு பிறந்தநாள். கூடப்பிறந்த எங்களுக்கும் அண்ணிக்கும் மட்டும் தெரிந்த விஷயம். அவருடைய பிள்ளைகளுக்குத் தெரியாது. மூத்த மகன் அந்தக் குழுவில் இருந்தான்.

 அண்ணை குழுவிலிருந்து விலகினார் என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி மட்டும் வந்தது. அதன்பிறகு பதினான்கு மாதம் இருவருக்கும் பேச்சு இல்லை.

ஒரு வரிக்கு இவ்வளவா என்று நீங்கள் கேட்கலாம். சண்டைக் காலத்தில் ஊரில் எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் அண்ணனும் தம்பியும் எதிரெதிரான இரண்டு ஆயுத இயக்கத்துக்குப் போனார்கள். தொடக்கத்தில் அவர்களும் சாப்பாட்டு மேசையில்தான் சண்டை பிடித்தார்கள், எங்கள் வீடு வரைக்கும் கேட்கும். ஒருநாள் சத்தம் நின்றது. தகப்பனுடைய செத்தவீட்டுக்கு ஒருவன் வந்தான், மற்றவன் வரவில்லை. சண்டைக்கு நான் பயப்படுகிற ஆள் இல்லை. சத்தம் நின்றால்தான் எனக்குப் பயம்.

3

இந்த நேரம் பார்த்து என் மகள் ஷரோனுக்குக் கலியாணம் பேசி முற்றாகியது. எனக்கு வந்த சந்தோஷத்தில் அன்று வேலையில் இரண்டு பயணிகளைப் பிழையான வாசலில் இறக்கிவிட்டேன்!

ஷரோனுக்கு ஒன்பது வயதில் அவளுடைய அப்பா கண்ணை மூடிவிட்டார். அந்த நேரம் அன்ரன் அண்ணை கடையைப் பூட்டிவிட்டு வந்து ஒரு மாதம் எங்களோடு நின்றார். தினமும் பள்ளிக்கூடத்துக்குக் கைபிடித்துக் கூட்டிப்போனது அவர்தான். பெரிய வகுப்புக்கு வந்ததும் றெஜி கணினித் திரையில் உட்கார்ந்து இரண்டு வருடம் இரசாயனம் படிப்பித்தான். அவளுடைய தமிழ் சாப்பாட்டுப் பெயர்களோடும் உறவுப் பெயர்களோடும் முடிந்துவிடும். ஆனால் அந்த உறவுப் பெயர்களை அவள் விடமாட்டாள்.

"அம்மா, ஐ வோண்ட் போத் மாமாஸ்" என்றாள். "பெரிய மாமா ஒரு சைட், சின்ன மாமா ஒரு சைட். கோவிலுக்குள்ள ரெண்டு பேரும் என்னைக் கூட்டிக்கொண்டு போகணும். இல்லாட்டி ஐ வில் வோக் அலோன். ஒராள் மட்டும், நோ."

என்னைப் போலவே பிடிவாதம். அன்றைக்கே அழைப்பெடுத்தேன்.

"அவன் வந்தா நான் வரமாட்டன் பிள்ளை" என்றார் அண்ணை.

"அண்ணை வந்தா நான் வரேலாது அக்கா" என்றான் றெஜி.

இருவரும் பேசி வைத்துக்கொண்டு சொன்னது போல இருந்தது. கெஞ்சினேன், திட்டினேன், செத்துப்போன அம்மாவை இழுத்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. ஷரோனிடம் சொல்லவும் வாய் வரவில்லை. அவள் தனியாக நடந்து வருவதை இரவில் கண்ணை மூடினாலும் காண்பேன்.

4

கடைசியில் உதவிக்கு வந்தது ஒரு படிவம். லண்டன் படிவங்களை நான் எவ்வளவோ திட்டியிருக்கிறேன், அந்தப் பாவத்துக்கு இங்கே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

பங்குக் கோவில் அலுவலகத்திலிருந்து ஒரு தாள் வந்தது. கலியாணப் பதிவில் சாட்சிக் கையெழுத்து வைக்கிற இரண்டு பேருடைய பெயர், கடவுச்சீட்டில் உள்ளபடி எழுதவும். இரண்டு மாமன்மாரையே போடலாம் என்ற நம்பிக்கையை நான் இன்னும் விடவில்லை. வேலையில் தேத்தண்ணீர் இடைவேளையில், ஆட்கள் வந்துபோகிற அறையின் மூலையில் நின்று அண்ணைக்கு எடுத்தேன். "வாறீங்களோ இல்லையோ, பேரை எழுதி வைக்கிறன். பாஸ்போட்டில என்னெண்டு கிடக்கு?" என்று கேட்டேன்.

 "பேரைக் கேட்காதை பிள்ளை" என்றார். அண்ணையின் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

"எனக்குப் பயமாக் கிடக்கு. இப்ப பழைய பைலுகளை எல்லாம் கிண்டுறாங்களாம். வெளிய வந்தா, திரும்பி உள்ள போகேக்குள்ள என்னை நிப்பாட்டிக் கேட்டா நான் என்ன சொல்லுறது? முப்பது வருசமாய் இருக்கிற வீடு பிள்ளை. அவனுக்குச் சொல்லிப்போடாதை. சிரிப்பான்."

"அப்ப ஏன் அண்ணை அந்தக் கொடியும் தொப்பியும்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"கொடி கட்டியிருந்தா என்னை ஆரும் ஒண்டும் கேட்கமாட்டாங்கள் எண்டுதான் தொடங்கினனான்" என்றார். "இப்ப உண்மையாவும் பிடிச்சுத்தான் கிடக்கு" என்றும் சொன்னார். என் அண்ணை பொய் சொல்லமாட்டார்.

வைத்தவுடனேயே றெஜிக்கு எடுத்தேன். எனக்கு ஏதோ பொறி தட்டிவிட்டது. "டேய், உண்மையைச் சொல்லு. அண்ணைக்காகவோ நீ வரேல்லை?" என்றேன்.

அவன் குரலைத் தாழ்த்தினான். "அக்கா, எனக்கு இன்னும் கிறீன் கார்ட்தான். நான் எழுதினது எல்லாம் இன்ரநெற்றில கிடக்கு. எங்கட கொலிஜ் ஆள் ஒருத்தரை எயார்போட்டில மறிச்சு, போனை வாங்கிப் பாத்தவங்களாம். வெளிய வந்தா திரும்பி விடுவாங்களோ தெரியாது. அண்ணைக்குச் சொல்லாதேங்கோ, சொன்னா 'பாத்தியோ, வாயை வைச்சுக்கொண்டு இருந்திருக்கலாமே' எண்டு பெரிய பிரசங்கம் வைப்பார்."

எனக்குத் தலைகால் புரியவில்லை! ஒருவர் இந்தப் பக்கம், மற்றவன் அந்தப் பக்கம். ஒருவருக்குச் சிவப்புக் கட்சி, மற்றவனுக்கு நீலக் கட்சி. ஆனால் இரண்டு பேரும் பயந்தது ஒரே குடிவரவு மேசைக்கு, ஒரே முத்திரைக்கு. அந்தப் பயத்தை மறைக்க ஒருவர் மற்றவரைச் சாட்டாக வைத்திருந்தார்கள். நான் சிரித்தேன், கூடவே அழுதேன். பக்கத்தில் பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்த போலந்துக்காரி எழுந்து வந்து என் முதுகைத் தடவினாள்.

சொல்லாதே என்றுதான் இருவரும் சொன்னார்கள். எனக்கு எப்போது ரகசியம் தங்கியது? அங்கே நின்றபடியே இருவரையும் காட்டிக்கொடுத்தேன்.

"அண்ணைக்குப் பயமோ?" என்றான் றெஜி. நம்பாதவன் போலத் திரும்பவும் கேட்டான். "துவக்கு வைச்சிருக்கிற மனுசனுக்குப் பயமோ அக்கா? அண்டைக்கு நான் எழுதினதாலயோ?" பிறகு அவனுடைய குரல் மாறிவிட்டது. "அவரைத் தனிய விடேலாது. நான் வாறன். திரும்பிப் போகேக்குள்ள அவரோட ஒரே பிளேனில போறன்."

அண்ணை முதலில் கத்தினார். "நான் சொன்னனான்தானே, வாயை வைச்சுக்கொண்டு இருக்கேலாது இவனுக்கு!" பிரசங்கம் ஐந்து நிமிடம் போனது. முடிவில், "எனக்கு ஒரு நல்ல லோயர் இருக்கிறான். அவன்ர நம்பரை எழுதிக்கொண்டு வாறன். ஏதும் நடந்தா தம்பிக்குப் பக்கத்தில ஆள் வேணும்" என்றார்.

5

வந்தார்கள்! இருவரும் ஒரே நாள், ஒரு மணித்தியால வித்தியாசத்தில். நான் வேலைச் சீருடையோடு வருகை வாசலில் நின்றேன். அண்ணையை முதலில் கூட்டிவந்து நிற்பாட்டி வைத்தேன். றெஜி பெட்டியை உருட்டிக்கொண்டு வெளியே வந்தான்.

"தலை முழுக்க வழுக்கையாப் போச்சுது உனக்கு" என்றார் அண்ணை.

"உங்களுக்கு வயிறு" என்றான் றெஜி.

பதினான்கு மாதத்துக்குப் பிறகு முதல் பேச்சு அது. கட்டிப்பிடிக்கவில்லை, கண்ணீர் விடவில்லை. ஆளாளுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை பலகாரச் சூடு. வெளிநாட்டில் பலகாரத்தைக் கடையில் வாங்கலாம், டூட்டிங் தமிழ்க் கடைகளில் எல்லாம் கிடைக்கும். ஆனாலும் கலியாண வீட்டில் சொந்தக்காரர் கூடி எண்ணெய்ச் சட்டி வைப்பதை நாங்கள் விடவில்லை. பின்வளவில் காஸ் அடுப்பு, மழை வராமல் இருக்க ஒரு கூடாரம், பயற்றம் பணியாரத்துக்கு உருட்ட ஒருவர், மாவில் தோய்க்க ஒருவர், பொரிக்க ஒருவர். அண்ணை தோய்த்துக் கொடுக்க றெஜி பொரித்தான். ஆனால் எனக்கு மனம் ஆறவில்லை. இருவரும் மரியாதையாக இருந்தார்கள். "கொஞ்சம் தள்ளுறீங்களோ", "இந்தா, கவனம்" என்று விருந்தாளிகள் போலப் பேசினார்கள். யாரோ தொலைக்காட்சியில் செய்தி போட்டதும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து வெளியே போனார்கள். குழுவில் தடித்த எழுத்தில் ஏசிக்கொண்ட ஆட்கள் எங்கே போனார்கள் என்று தேடினேன்.

கலியாணத்தன்று ஷரோன் இரண்டு கையையும் இரண்டு மாமன்மாரிடம் கொடுத்தாள். அண்ணை அணிவகுப்புப் போல விறுவிறு என்று நடந்தார், றெஜி ஆற அமர வந்தான், நடுவில் அவள் இழுபட்டாள். "பெரிய மாமா, ஸ்லோ டவுண்!" என்று அவள் சொன்னது கடைசி வாங்கில் இருந்தவர்கள்வரை கேட்டது. கோவிலே சிரித்தது. சாட்சிக் கையெழுத்தை நானும் மாப்பிள்ளையின் தாயும் வைத்தோம். அந்தத் தாளை அண்ணைக்குப் பக்கத்திலேயே நான் கொண்டுபோகவில்லை.

6

திரும்பிப் போகிற நாள். இருவரும் ஒரே விமானத்தில் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இறங்கி, அண்ணை அங்கிருந்து டெக்சாஸ் விமானத்துக்கு மாறுவது என்று ஏற்பாடு. வழியனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தவள் மாலைவரை ஒரு வாய் சாப்பிடவில்லை.

ஏழு மணிக்குக் கைபேசி அடித்தது. அண்ணை. "நான் வெளிய வந்திட்டன் பிள்ளை. என்னை ஒண்டும் கேட்கேல்லை, ஒரு நிமிசம் செல்லேல்லை. ஆனா தம்பி இன்னும் வரேல்லை."

கால் மணி போனது. அரை மணி போனது. அண்ணையின் அடுத்த விமானத்துக்கு ஆட்களை ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். "நீங்கள் போங்கோ அண்ணை" என்றேன். "விசர்க்கதை கதையாதை" என்றார். லோயருக்கு ஏற்கெனவே இரண்டு முறை எடுத்துவிட்டாராம். அப்போது றெஜியிடமிருந்து அவருக்கு ஒரு வரி வந்தது: "பெட்டியைத் திறக்கிறாங்கள்."

 பெட்டி! "அண்ணை" என்றேன், "ஏசாதேங்கோ. அவன்ர பெட்டிக்குள்ள நான் ஒடியல் மா வைச்சனான்."

றெஜியின் மனைவிக்குக் கூழ் என்றால் உயிர். ஊரிலிருந்து வந்த மா, காய்ந்த பனங்கிழங்கை இடித்தது, ஒரு கிலோ. பெயர் இல்லாத பொலித்தீன் பையில் கட்டி, சப்பாத்துக்குள் திணித்து, மேலே அவனுடைய சேட்டுகளை அடுக்கிவிட்டேன். அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் எடுத்து வெளியே வைத்துவிடுவான். இதை வாசிக்கிற தாய்மாரே, நீங்களும் செய்திருப்பீர்கள், எனக்குத் தெரியும்.

"சப்பாத்துக்குள்ள மாவோ! உனக்கென்ன விசரே பிள்ளை? அது என்னெண்டு கேட்டா அவனுக்குத் தெரியாதே!" என்று கத்தியவர், கைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தார். அழைப்பை நிறுத்தவில்லை. நான் எல்லாவற்றையும் கேட்டேன்.

வாசலில் நின்ற அதிகாரியிடம் போனார். தன் டெக்சாஸ் ஆங்கிலத்தில், றெஜியின் முழுப்பெயரைச் சொல்லி, உள்ளே நிற்பது என் தம்பி, பையில் இருப்பது கிழங்கு மா, கூழ் காய்ச்சுவது, தங்கச்சி அவனுக்குத் தெரியாமல் வைத்துவிட்டாள் என்று ஒரே மூச்சில் சொன்னார். அதிகாரி, உங்கள் கடவுச்சீட்டைக் காட்டுங்கள் என்றார்.

 வெளியே வந்துவிட்ட மனிதன். ஒன்றும் கேட்காமல் விட்டுவிட்டார்கள். கதவைத் தாண்டிப் போயிருந்தால் முடிந்தது. எந்தக் கேள்விக்குப் பயந்து இந்த மனிதர் மருமகளின் கலியாணத்தையே விட இருந்தாரோ, அதை இப்போது தானே கேட்டு வாங்கிக்கொண்டு நிற்கிறார்.

தாள் புரளுகிற சத்தம் கேட்டது. "சகோதரர் என்கிறீர்கள். குடும்பப் பெயர் வேறாக இருக்கிறதே?" என்றார் அதிகாரி.

"ஓம், பெயர் வேறு" என்றார் அண்ணை. "தம்பி என்னுடையவன்தான். அவன் வெளியே வரும்வரை நான் இதிலேயே நிற்பேன்."

 நான் மாதாவின் பெயரைச் சொல்லத் தொடங்கி, பாதியில் அதுவும் மறந்துபோனது. பிறகு அதிகாரி, "அப்படி ஓரமாக நில்லுங்கள்" என்றார். அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் தூரத்தில் றெஜியின் குரல் கேட்டது. பையைத் திறந்து முகர்ந்து பார்த்த அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிட்டாராம்!

"உங்கட பிளேன்?" என்றான் றெஜி.

"அது போயிட்டுது. உன்ர வீட்டை வாறன், நாளைக்குப் போறன். கூழாவது கிடைக்கும்."

"பாத்தீங்களோ அண்ணை? உங்கட ஆக்கள் இப்ப மாவுக்கும் விசா கேட்கிறாங்கள்."

"டேய், ஒரு நாடு எண்டா பெட்டியைத் திறந்து பார்க்கத்தான் வேணும்! உன்ர ஆக்கள் இருந்தா ஆளையும் பாராங்கள், பெட்டியையும் பாராங்கள்!"

"ஆளைப் பாத்திருந்தா நீங்கள் இண்டைக்கு இதில நிப்பீங்களோ?"

"அதைத்தான் நானும் சொல்லுறன்! நான் வந்தது போதும், இனி ஒழுங்காய் வரட்டும்!"

"இது என்ன நியாயம் அண்ணை!"

இரண்டு பேரும் கத்திக்கொண்டே நடக்கிற சத்தம், பெட்டிச் சில்லுகளின் சத்தம், யாரோ திரும்பிப் பார்த்து அமைதி அமைதி என்கிற சத்தம். "அண்ணை! றெஜி!" என்று கூப்பிட்டேன். என்னைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு இருவரும் மறந்துவிட்டார்கள். நான் அடுப்பைப் பற்றவைத்து, கைபேசியைப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்து, சத்தத்தை முழுதாகக் கூட்டினேன்.